டை ராடு எண்டு தேய்மானம்: கையால் கண்டறிந்து, அளவு பிசகாமல் மாற்றுவது வரை

முன் டயர்கள் இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து வழுக்கையான பிறகுதான், என் காரின் ஸ்டீயரிங் மூட்டுகளை முதன்முறையாகக் கையால் தொட்டுப் பார்த்தேன். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஒரே கடையில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்திருந்தேன். இரண்டு முறையும் திரையில் எண்கள் பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஸ்டீயரிங் மீண்டும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கடைசி மூட்டுதான் டை ராடு எண்டு. இடது பக்கத்தில் அதை மூடும் ரப்பர் உறையான பூட் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்ததை, டயரைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்த எவரும் ஒரு நிமிடத்தில் கண்டிருப்பார்கள். மூட்டில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் பார்ப்பது, ஆடுகிற முளையில் மாட்டைக் கட்டுவதற்கு ஒப்பானது. இயந்திரம் காட்டும் அளவு, வண்டி அந்த மேடையில் நிற்கும் நேரத்துக்கு மட்டுமே உண்மை. ஆகவே முதலில் மூட்டைச் சோதிக்க வேண்டும், பிறகு தேய்ந்ததை மாற்ற வேண்டும், அதன் பிறகே அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

இந்த மூட்டு என்ன செய்கிறது

இன்றைய சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பினியன் என்னும் சிறு பல்சக்கரம், பல் வெட்டிய ரேக் தண்டை இடமும் வலமுமாக நகர்த்துகிறது. ரேக்கின் இரு முனைகளிலும் உள்மூட்டு ஒன்று உண்டு. நம் ஒர்க்‌ஷாப்புகளில் அதை ரேக் எண்டு என்பார்கள். அது மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும். அதிலிருந்து வெளியே நீளும் கம்பியின் நுனியில் மரையிட்டு மாட்டப்பட்டிருப்பதுதான் டை ராடு எண்டு. அதன் உள்ளே ஓர் எஃகுக் குண்டு, கிரீஸ் பூசிய கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். குண்டிலிருந்து நீளும் கூம்பு வடிவத் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கூம்புத் துளையில் இறுகியிருக்கும்.

இப்போதைய மூட்டுகளில் பெரும்பாலும் கிரீஸ் நிப்பிள் கிடையாது. ஆலையில் அடைத்த கிரீஸோடுதான் அவை ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும். எனவே அந்த மூட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் ரப்பர் பூட்தான். பூட் கிழிந்தால் மணலும் நீரும் உள்ளே போகும், கிரீஸ் கரைந்து வெளியேறும், குண்டில் துரு ஏறும், துருவே அரத்தைப்போலக் கிண்ணத்தை அராவிவிடும். தேவனாம்பட்டினம் பக்கமோ வீராம்பட்டினம் பக்கமோ குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வாசல் கிரில்லைத் தின்கிற அதே காற்றுதான் காரின் அடிப்பகுதியையும் தின்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, தெருவில் தேங்கிய நீரில் நானும் பல நாள் வண்டி ஓட்டினேன். பின்னர் கழற்றிய பழைய மூட்டின் ரப்பர் பூட்டை நான் கத்தியால் கீறியபோது கிரீஸ் வரவில்லை. காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் நீர் ஒழுகியது. விரலில் தேய்த்தால் மணல் நெருடியது.

அறிகுறிகளும் அவற்றின் குழப்பமும்

தேய்ந்த மூட்டின் அறிகுறிகள் பல. நேர் சாலையில் ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திருப்பும்போது ‘டொக்’ என்று ஓர் ஒலி வரும், அதன் அதிர்வு ஸ்டீயரிங் வளையத்திலும் தெரியும். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவினால், ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம்போலக் கூர்மையாகவும் தட்டுப்படும். இந்தத் தடவிப் பார்க்கும் சோதனையை மாதம் ஒருமுறை எல்லோரும் செய்யலாம், செய்ய வேண்டும். கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் ஒலியை மட்டும் நம்பி எந்தப் பாகத்தையும் வாங்கிவிடக் கூடாது. வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது வரும் ‘கட கட’ ஒலி, பெரும்பாலும் ஸ்டெபிலைசரின் லிங்க் ராடில் இருந்து வருவது. வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் சுருள் வில் ‘டொய்ங்’ என்று விடுபடுவதுபோல் ஒலித்தால், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். வேகம் கூடக் கூடக் கூடுகிற உறுமல் வீல் பேரிங்கினுடையது. இவை எல்லாம் ஒரே மூலையில் நெருங்கி இருப்பதால் ஓட்டுநர் இருக்கைக்கு ஒரே ஒலியாகத்தான் வந்து சேரும்.

கையால் சோதிப்பது எப்படி

முதல் சோதனைக்கு வண்டியைத் தூக்கவே வேண்டாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிடுங்கள். ஸ்டீயரிங் பூட்டு விடுபட்ட நிலையில், வீட்டில் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, ஸ்டீயரிங்கைச் சிறிதளவு மட்டும் இடமும் வலமும் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சக்கரத்தின் பின்புறம் கையை நீட்டி, டை ராடு எண்டும் நக்கிளும் சேரும் இடத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும்படி விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மூட்டில் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்த மூட்டில் கம்பி முதலில் நகர்ந்து, ஒரு கணம் கழித்து நக்கிள் நகரும். அந்த இடைவெளி காதுக்கு எட்டாத சிறு தட்டாக விரல் நுனியில் விழும். ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. என் மூட்டில் அதை உணர்ந்த மறு நிமிடமே அலைன்மென்ட் சீட்டுகள் இரண்டையும் எடுத்து வைத்துவிட்டேன்.

அதே நிலையில், ரேக் முனையில் உள்ள ரப்பர் உறையை விரல்களால் அழுத்திப் பிடித்து உள்மூட்டையும் உணர்ந்து பாருங்கள். தட்டு அங்கே தெரிந்தால் வெளி எண்டை மாற்றிப் பயனில்லை, ரேக் எண்டை மாற்ற வேண்டும். அதற்கென்று தனிக் கருவி தேவை, சில வண்டிகளில் இடமும் நெருக்கம். அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாவது சோதனைக்கு முன்புறத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். சக்கரத்தை மணிமுள் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்தால் வரும் ஆட்டம், ஸ்டீயரிங் மூட்டுகளைக் காட்டுகிறது. பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து அசைத்தால் வரும் ஆட்டம், வீல் பேரிங்கையோ லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டையோ காட்டுகிறது. இரண்டு நிலையிலும் ஆடினால் முதலில் பேரிங்கைப் பாருங்கள், ஏனெனில் பேரிங் ஆட்டம் எல்லாத் திசையிலும் தெரியும். ஒன்பது மூன்று சோதனையில் எதிர்ப்பக்கச் சக்கரமும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து நகர்ந்தால் அது ஆட்டம் ஆகாது. ரேக் தன் இயல்பில் நகர்கிறது, அவ்வளவுதான். ஸ்டீயரிங்கை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

ஆட்டம் இல்லை, பூட் மட்டும் கிழிந்திருக்கிறது என்றால் என்ன செய்வது? உள்நாட்டில் ஓடும் வண்டி என்றால் புதிய பூட் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். நம் கடற்கரையில், அதுவும் ஒரு மழைக்காலம் கடந்த பிறகு, மூட்டையே மாற்றிவிடுவதுதான் சரி. ஆட்டம் தெரிந்துவிட்டதோ, பேச்சுக்கே இடமில்லை. குண்டு கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிட்டால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங்கின் பேச்சைக் கேட்காது, தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். தேய்ந்த மூட்டின் மூடியைச் சுத்தியலால் அடித்து இறுக்கித் தருகிறேன், வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பாகம் வாங்கும்போது

ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு கூம்பின் அளவும் மரையும் மாறியிருக்கலாம் என்பதால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் காட்டியே வாங்குங்கள். வண்டி நிறுவனத்தின் அசல் பாகமோ, பெயர்பெற்ற உற்பத்தியாளரின் பாகமோ போதும். இந்த மூட்டுகளைச் செய்யும் சென்னையின் ரானே நிறுவனத்துக்கு நம் புதுச்சேரியிலேயே ஓர் ஆலை உண்டு. விலை குறைவு என்று பெயரில்லாத பெட்டியில் வருவதை இந்த ஒரு பாகத்தில் தவிர்த்துவிடுங்கள். புதிய மூட்டின் தண்டைக் கையால் அசைத்தால் சீரான இறுக்கத்தோடு நகர வேண்டும், தானாகத் தொங்கி விழக் கூடாது. பெட்டியில் புதிய நட்டும், தேவைப்பட்டால் நட்டு இளகாமல் தடுக்கும் காட்டர் பின்னும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்றால், இரண்டும் ஒரே வயதுடையவை என்றால் மாற்றிவிடுவது நல்லது. எப்படியும் அலைன்மென்ட் செலவு ஒருமுறைதான். நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுவதால் ஓரத்துப் பள்ளங்களை எல்லாம் இடது சக்கரம்தான் வாங்குகிறது. என் வண்டியில் இடது பக்கம் முதலில் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கருவிகள்: ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டுகள், சக்கரக் கட்டைகள், வீல் ஸ்பேனர், லாக் நட்டுக்கும் (மூட்டைக் கம்பியில் அசையாமல் நிறுத்துவது) தண்டு நட்டுக்கும் (தண்டை நக்கிளில் இறுக்குவது) பொருந்தும் ஸ்பேனர்கள், பால் ஜாயிண்ட் புல்லர், ஒரு கனமான சுத்தியல், கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், ஆலன் கீ, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், வெர்னியர் அல்லது எஃகு அளவுகோல், குறியிட வெள்ளைப் பெயிண்ட்.

கழற்றுதல்

வேலைக்கு முந்தைய நாள் மாலையே கம்பி பிரஷால் மரைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். உப்புக் காற்று பட்ட லாக் நட்டு அவசரத்துக்கு அசையாது. ஊறப்போடாமல் ஸ்பேனரில் குழாயை மாட்டி இழுப்பவர்கள் நட்டின் முனைகளை மழுக்கிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் அறுக்க வேண்டிய நிலைக்கு வருவார்கள்.

மறுநாள் வண்டியைச் சமமான காங்கிரீட் தரையில் நிறுத்துங்கள். நம் மணல் தரையில் ஜாக்கி மெல்ல அமிழும், வேறு இடமே இல்லை என்றால் தடித்த பலகை ஒன்றைக் கீழே போடாமல் தூக்கவே கூடாது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கி, பிறகு முன்புறத்தைத் தூக்கி, கையேடு காட்டும் இடங்களில் ஸ்டாண்டுகளை வைத்து இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள். இதில் நான் எந்த விதிவிலக்கும் கொடுக்க மாட்டேன்.

சக்கரத்தைக் கழற்றிய பின், எதையும் தளர்த்தும் முன், அளவெடுக்க வேண்டும். கம்பியில் அசையாத ஓர் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து குண்டுத் தண்டின் நடுமையம் வரை உள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லாக் நட்டு நின்ற இடத்திலும் மரையின் மேல் ஒரு கோடு போடுங்கள். சுற்றுகளை எண்ணினால் மட்டும் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. வேறு உற்பத்தியாளரின் மூட்டில் உடலின் நீளமே சிறிது மாறியிருக்கலாம், அப்போது அதே எண்ணிக்கைச் சுற்று வேறு நீளத்தைத் தரும்.

இந்த அளவு ஏன் இத்தனை முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். மரையின் இடைவெளி 1.5 மி.மீ., நக்கிள் கையின் (சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து மூட்டு வரை) நீளம் 120 மி.மீ. என்று கொள்வோம். ஒரே ஒரு சுற்று பிசகினால் சக்கரம் ஏறத்தாழ 0.7 டிகிரி திரும்பிவிடும். நேராக ஓடும்போது இரண்டு சக்கரங்களும் அந்தப் பிசகைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். அப்படியும் ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு 6 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் இழுபடும். கடலூர் புதுச்சேரி போய்வர 45 கிலோமீட்டர் என்றால், சுமார் 280 மீட்டர் தூரம் டயரைத் தார்ச்சாலையில் குறுக்காகத் தேய்த்ததற்குச் சமம். அதுவும் ஒரே நாளில்.

அடுத்து லாக் நட்டை இளக்குங்கள். தண்டு இன்னும் நக்கிளில் இறுகியிருக்கும்போதே இதைச் செய்தால் மூட்டு அசையாமல் நிற்கும். கம்பியில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையாக வெட்டிய இடம் இருக்கும். ஒரு ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் திருப்பினால் போதும். கம்பி சேர்ந்து திரும்பினால் ரேக்கின் ரப்பர் உறை முறுக்கிக்கொண்டு கிழியும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனித் தண்டின் நட்டு. காடி வெட்டிய நட்டாக இருந்தால் காட்டர் பின்னை நிமிர்த்தி இழுத்துவிட்டு, நட்டை இளக்குங்கள். தண்டும் கூடவே சுழன்றால், அதன் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கிறதா என்று பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பலாம். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரைகளில் நிற்கவிடுங்கள். கூம்பு விடுபடும்போது துப்பாக்கி வெடிப்பதுபோல் ‘டப்’ என்ற ஒலியோடு குதிக்கும், அப்போது மூட்டு உங்கள் மேல் விழாமல் அந்த நட்டுதான் காக்கும்.

கூம்பை விடுவிக்கப் புல்லரை மாட்டி இறுக்குங்கள். நன்கு இறுக்கிய பிறகும் அசையவில்லை என்றால், மேலும் மேலும் இறுக்காமல், நக்கிள் துளையின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஓரிரு அடி அடியுங்கள். துளை ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். அடிக்க வேண்டியது நக்கிளின் இரும்பை, தண்டின் நுனியை அல்ல. நுனியில் அடித்தால் மரை காளான்போல் விரிந்து நட்டு வெளியே வராது. நக்கிள் அலுமினியத்தில் வார்த்ததாக இருந்தால் சுத்தியலைத் தொடவே வேண்டாம், புல்லரோடு நின்றுவிடுங்கள். சூடு காட்டுவதும் வேண்டாம், அருகிலேயே பிரேக் ஹோசும் ரப்பர்களும் இருக்கின்றன.

மூட்டு விடுபட்டதும், கம்பியை அசையாமல் பிடித்து, பழைய மூட்டைச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே கழற்றுங்கள். எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நக்கிளின் கூம்புத் துளையைத் துணியால் துடைத்து உள்ளே பாருங்கள். துளை முட்டை வடிவில் நீண்டிருந்தால் நட்டு இளகிய நிலையில் வண்டி நெடுநாள் ஓடியிருக்கிறது என்று பொருள், அப்போது நக்கிளையும் மாற்றியாக வேண்டும்.

பொருத்துதல்

பழைய மூட்டையும் புதியதையும் அருகருகே வைத்துக் கூம்பு, மரை, வளைவு மூன்றையும் ஒப்பிடுங்கள். கம்பியின் மரையில் மெல்லிய படலமாகக் கிரீஸ் பூசுங்கள், அடுத்த முறை உங்களையோ இன்னொரு மெக்கானிக்கையோ அது காப்பாற்றும். ஆனால் கூம்பிலும் அதன் துளையிலும் ஒரு துளி கிரீஸ்கூடக் கூடாது. அவை சுத்தமாகவும் உலர்ந்தும் ஒன்றையொன்று கவ்வ வேண்டியவை.

எழுதி வைத்த சுற்றுகளில் புதிய மூட்டை ஏற்றி, பெயிண்ட் கோட்டிலிருந்து நடுமையம் வரை மீண்டும் அளந்து, தேவையான கால் சுற்றோ அரைச் சுற்றோ திருத்துங்கள். எண்ணிக்கையும் அளவும் முரண்பட்டால் அளவையே நம்புங்கள். பிறகு தண்டை நக்கிளில் நுழைத்து நட்டை ஏற்றுங்கள். தண்டு சுழன்றால் மூட்டின் அடியில் ஜாக்கியால் இலேசாக முட்டுக் கொடுங்கள், கூம்பு கவ்விக்கொள்ளும். பெரும்பாலான சிறு கார்களில் இந்த நட்டின் இறுக்கம் 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கு உரிய சரியான எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்து, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காடி நட்டில் அந்த இறுக்கத்துக்குப் பிறகு பின் துளை நேர்ப்படவில்லை என்றால், அடுத்த காடி வரும்வரை மேலும் இறுக்க வேண்டும், ஒருபோதும் பின்னோக்கி இளக்கக் கூடாது. காட்டர் பின் புதியதாக இருக்கட்டும், அதன் கால்கள் இரண்டையும் விரித்து மடக்குங்கள். நைலான் வளையம் உள்ள நட்டானால் பழையதை மீண்டும் போடாதீர்கள்.

கடைசியாக லாக் நட்டு. இறுக்கும் முன் மூட்டின் உடலை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்து, இரண்டு எல்லைக்கும் நடுவே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்த நிலையில் இறுக்கினால் தண்டு கிண்ணத்தின் விளிம்பில் முட்டி, புதிய பூட் சீக்கிரமே கிழியும். ரப்பர் உறை முறுக்கில்லாமல் இருப்பதையும் பார்த்துவிட்டுச் சக்கரத்தை மாட்டுங்கள். வீல் நட்டுகளின் இறுதி இறுக்கம் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான்.

அலைன்மென்ட்டும் மறு சோதனையும்

எத்தனை கவனமாக அளந்தாலும் அலைன்மென்ட் பார்க்காமல் இந்த வேலை முடியாது. நம் அளவு, கடைவரை வண்டியைப் பாதுகாப்பாகக் கொண்டுபோவதற்கு மட்டுமே. போகும்போது நெடுஞ்சாலை வேகம் வேண்டாம். கடையில் மூன்றைக் கேளுங்கள்: டயர்க் காற்றைச் சரிபார்த்த பின் அளக்க வேண்டும், ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திப் பூட்டிய பின் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) திருத்த வேண்டும், கம்பியைத் திருப்பும் முன் ரப்பர் உறையின் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். இ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் டோ மாறிய பின் ஸ்டீயரிங் கோண சென்சாரை ஸ்கேனரால் மீண்டும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கலாம். டேஷ்போர்டில் அந்த அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று கடையைவிட்டுப் புறப்படும் முன் பாருங்கள். திருத்தம் முடிந்ததும் லாக் நட்டுகளை அவர்கள் இறுக்குவதை அருகில் நின்று பார்ப்பதில் தவறொன்றும் இல்லை.

ஒரு வாரம் ஓடிய பின், காட்டர் பின் இடத்தில் இருக்கிறதா, லாக் நட்டு இளகாமல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் மேல் உள்ளங்கையை இரு திசையிலும் தடவுங்கள். அரத்தின் கூர்மை மழுங்கத் தொடங்கியிருந்தால் அளவு சரியாக நின்றிருக்கிறது. என் வண்டியில் இப்போது இடமும் வலமும் ஒரே மாதிரித்தான் தட்டுப்படுகிறது. ஐப்பசி மழை தொடங்கும் முன்பும் தை பிறந்த பின்பும் டார்ச் அடித்து ரப்பர் பூட்களைப் பார்த்துக்கொள்கிறேன்.